முத்துசாமி அண்ணனின் கத்திரி நின்றபோது

நாகலூர்ப் பெருமக்களுக்கும், இங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்தே நாகலூர்க்காரர்களாகிவிட்ட வாழவந்திக்காரர்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: கதிர்வேலாகிய என் முடி கண்ணை மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எச்சரித்துவிட்டார்கள். அம்மா காய் நறுக்கும் கத்தியைக் காட்டி மிரட்டிவிட்டார். ஊருக்கு எப்படியோ, எனக்கு இது தலையாய பிரச்சினை.

அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துசாமி அண்ணனின் சலூனுக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடை செல்வியக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாருடா சாமி" என்றார். நான் விளையாட்டுக்கு ஊரை ஏமாற்றுகிறவன். என்னை யாரோ திருப்பி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நாற்காலியில் உட்காராத தலை நம் ஊரில் குறைவு. வெளியூர்த் தலைகளுக்காகச் சொல்கிறேன். முத்துசாமி அண்ணன் கடையில் டிவி கிடையாது. மலைக்குக் கீழே சேலத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக அள்ளி வந்த கதைப் புத்தகங்கள்தான் உண்டு. காத்திருப்பவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அதுதான் சட்டம். "என் கை வேலையா இருக்குது. உங்க வாய் சும்மாதானுங்களே இருக்குது?" என்பார். யாரும் தப்ப முடியாது.

கதை சுமாராக இருந்தால் கத்திரி வேகமாக ஓடும். கதை பிடித்துவிட்டால் நின்றுவிடும். கத்திரியைக் காற்றில் பிடித்தபடி கண்ணாடி வழியாக வாசிப்பவரைப் பார்த்து, "அப்புறம்?" என்பார். அதனால் அவசரக்காரர்கள் சவசவ என்று இருக்கும் புத்தகமாகத் தேடி எடுத்து நம் கையில் திணிப்பார்கள்.

எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசருக்கு அது தெரியாது. மச்சான் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே இருப்பதிலேயே நல்ல பேய்க் கதையை எடுத்தேன். வலது பக்கம் முடிந்தபோது பேய் கதவைத் தட்டியது. கத்திரி நின்றது.

"ஏனுங்க அண்ணா, பஸ்ஸு வந்துருமுங்க!"

"பேய் உள்ள வரட்டும், இருங்க."

பேய் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. சூப்பர்வைசர் பாதித் தலையோடு ஓடிப்போய் ஏறினார். கல்யாண ஆல்பத்தில் இன்றும் எல்லாப் படத்திலும் பக்கவாட்டில்தான் நிற்கிறார்.

அண்ணன் கடையில் பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கம் இருக்காது. முடிக்குப் பஞ்சமில்லை, முடிவுக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட கதைக்குக் கடையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு முடிவு சொல்ல வேண்டும். ஒரு முறை, நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போகும் குடும்பத்தின் கதை. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரும், "போன எடத்துல பொழச்சுக்குவாங்க" என்றார்கள். எங்கள் தாத்தாக்கள் அப்படித்தானே பிழைப்புக்காகக் கீழேயிருந்து மலையேறி வந்தார்கள்! தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே விதைத்து வாழும் மலைக்காரரான பொன்னன் மாமா மட்டும், "வெதைக்கிற மாசம் திரும்பி வந்துருவாங்க. வராம எங்க போறது?" என்றார். ஒரே ரோட்டில் நடக்கிறோம், ஒரே பஸ்ஸில் தொங்குகிறோம். ஒரு கதைக்கு இத்தனை முடிவு நமக்குள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் யாருடைய முடிவையும் சரி என்று சொல்லவில்லை. "இன்னும் ஆளு வரட்டும்" என்றார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நான் எழுதிய கதைக்கு அந்தக் கத்திரி நிற்க வேண்டும்.

தன் பலாமரத்தை வெட்டி வீடு கட்டும், பொன்னன் மாமாவைப் போன்ற ஒரு மலை விவசாயியைப் பற்றி எழுதினேன். தாளை ஒரு பழைய வாரப் பத்திரிகைக்குள் செருகி, அச்சிட்ட கதை போலவே வாசித்தேன். மரம் சாய்ந்தது. விவசாயி மண்ணில் விழுந்து புரண்டு அழுதார். நான் குரலை நடுங்கவிட்டேன். கத்திரியோ ரயில் போல ஓடியது.

நாற்காலியில் அன்று பொன்னன் மாமாவேதான். போர்த்திய துணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மரம் உழுந்தா பலாக்காயப் பொறுக்கோணும், கொப்பு ஒதுக்கோணும். உருண்டு அழுவறதுக்கு எங்கீங்க நேரம்?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதுனவன் நொம்ப நல்லா அழுவறான். மரத்ததான் அவன் பாக்கல" என்றார். எழுதினவன் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கடையிலிருந்த புத்தகங்களை எல்லாம் வாசித்தேன். எழுதினவர்கள் எங்கே அழுகிறார்கள், எங்கே சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தேன். நல்லவர்கள் பெரும்பாலும் சும்மா இருந்தார்கள். கதையைத் திரும்ப எழுதிக்கொண்டு போனேன். அதே வாரப் பத்திரிகை, அதே செருகல். அன்று நாற்காலியில் பஸ் டிரைவர். மரம் விழுந்தது, யாரும் அழவில்லை, காயைப் பொறுக்கினார்கள். பிறகு இந்த வரி வந்தது: 'அடுத்த நாள் மத்தியானமும் அவர் போய் அதே இடத்தில் நிழலுக்கு நின்றார்.'

கத்திரி நின்றது.

அண்ணன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை, கதை அவ்வளவுதான் என்றேன். "இத எழுதுனவன் நம்மூர்க்காரன் கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் அதையே சொல்லிச் சொல்லி ஒரு வாரத்துக்கு யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை.

புத்தகங்கள் இப்போது செல்வியக்கா கடை பெஞ்சில் இருக்கின்றன. காத்திருப்பவர்கள் வாசிக்கிறார்கள். எந்தக் கதைக்கும் அக்காவின் டீ ஆற்றும் கை நிற்பதில்லை. அண்ணனைவிடக் கறாரான ஆள். நான் எடுத்துக்கொண்டது அந்த "அப்புறம்?" ஒன்றைத்தான். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் அது கண்ணாடியிலிருந்து கேட்கிறது. பதில் வராத வரியை அடித்துவிடுகிறேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் பொன்னன் மாமாவும் இதைப் படிப்பார். முதல் கதை கவிழ்ந்த அன்று பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்து, "நெசமா மரம் வெட்டுனா என்னதான் மாமா செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என்ன செய்யறது கண்ணு? எங்கப்பன் அடுத்த நா மத்தியானமும் போயி அங்கயேதான் நெழலுக்கு நின்னாரு" என்றார். அதைத்தான் எழுதினேன். கத்திரியை நிறுத்திய அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் நான் எழுதியது.

அண்ணன் சொன்னதில் தப்பில்லை. பொன்னன் மாமா நம்மூர்க்காரர்தானே.