விசிறி வைத்த கார்டு

திண்டிவனம் மேம்பாலம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்குக் காரியம் முடிந்த மறுநாள் அது. பஸ் ஏறியிருக்கலாம். ஏறினால் எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்பார். அது எனக்கே தெரியாது.

தோளில் ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு. துண்டுக்குள் சுற்றி வைத்த கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் அதில் அடங்கிவிடும். நடுவில் சின்னதாக ஒரு விசிறி. அதன் தகர விளிம்பு துண்டையும் தாண்டி விலாவில் குத்திக்கொண்டே வந்தது. பையைத் தோள் மாற்றிப் போட்டேன். அந்தப் பக்கமும் குத்தியது.

மற்றதையெல்லாம் மனைவியின் அண்ணனிடம் விட்டுவிட்டேன். கட்டில், பாத்திரம், கம்ப்யூட்டர். கார்டைக் கழற்றினாலும் கம்ப்யூட்டர் ஓடும், எழுதப் படிக்க அது போதும். அவர் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நான் எட்டாவதைத் தாண்டவில்லை. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவருக்கு லைட் பிடிக்கப் போனேன். அதற்கு முன்பு லாரியில் கிளீனர், கண்டமங்கலம் பக்கம் கரும்பு வெட்டு, ஒரு ஓட்டலில் மாவு பிசைவது. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. லைட் பிடித்ததும் அப்படித்தான் போயிருக்கும். வல்லத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, லைட்டின் சூடு தாங்காமல் இலையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "யோவ், சோறு தின்ன உடுய்யா, நானா கல்யாணப் பொண்ணு?" என்று சத்தம் போட்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது. அவளைத்தான் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போவது நின்றது.

திண்டிவனத்தில் ஒற்றை அறை வீடு. ஸ்டுடியோக்காரர்கள் எடுத்து வருகிற கல்யாண வீடியோக்களுக்கு மிக்சிங் செய்து கொடுப்பேன். வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து, பெண்ணும் மாப்பிள்ளையும் தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவது போலவும், மேகத்தில் ஊஞ்சல் ஆடுவது போலவும் செய்வதுதான் மிக்சிங். எந்தப் பூ என்று அவள்தான் சொல்வாள். மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள், "இதுக்குத் தாமரை தூக்கிக் காட்டாது மாமா, ரோஜா போடு" என்பாள். நான் போடுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

அவளுக்கு நெஞ்சில் வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கெட்டதாம். புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மாத்திரையை விடாம கொடுங்க. நல்லா தூங்கணும். தூங்காட்டி இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும்" என்றார் டாக்டர். படுத்தால் மூச்சு முட்டும். சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். ராத்திரியில் இருமல் விடாது. அதனால் பகல் தூக்கம்தான் அவளுக்குத் தூக்கம். நான் அதே அறையில் நாலடி தள்ளி உட்கார்ந்து மிக்சிங் செய்வேன்.

கம்ப்யூட்டரில் அப்போது இருந்த கார்டின் விசிறி தேய்ந்துபோய்க் கடகடவென்று சத்தம் போடும். நிலக்கடலை உடைக்கிற மிஷின் மாதிரி இருக்கிறதென்று அவள் அதை மல்லாட்டை மிஷின் என்பாள். "உன் மல்லாட்டை மிஷினை எப்பத்தான் நிறுத்துவ மாமா, என் காது ரெண்டும் போச்சு." சொல்லிவிட்டுச் சாய்ந்தபடியே தூங்கிப்போவாள். அவள் சொன்னதைத்தான் நான் கேட்டேன். அவள் தூங்கியதைப் பார்க்கவில்லை.

ஒரு கோடையில் அந்தக் கார்டு செத்துப்போனது. புதிது வாங்க விழுப்புரம் போனேன். ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே கார்டுதான், இரண்டு விதம். ஒன்றில் விசிறி உண்டு. இன்னொன்றில் விசிறி இல்லை, சூட்டை இழுக்க அலுமினியத் தகடுகளைச் சீப்பு மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

"ஃபேன் வெச்சது ஸ்பீடுண்ணே. உங்க வேலைக்கு அதான் சரி. இது சத்தமே போடாது, ஆனா நம்மூரு வெயிலுக்குச் சூடாயிடும். பெரிய ஃபைல் போட்டீங்கன்னா நட்டநடுவுல தூங்கிடும்."

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க."

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நான் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் காதை வைத்தேன். கடையில் இருந்த இன்னொரு ஆள் சிரித்துவிட்டார். "கார்டை எல்லாரும் கண்ணால பாத்து வாங்குவாங்க. நீங்க என்னாண்ணே, பல்லி மாதிரி ஒட்டிக்கினு காதால வாங்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல உடம்பு சரியில்லாதவங்க தூங்கணும்" என்றேன். தகடு வைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாட்டி ஓட விட்டபோது அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் போகிற சைக்கிளின் செயின் சத்தம்கூடக் கேட்டது. "எப்படி?" என்றேன். "அப்பாடா, கோயிலு மாதிரி இருக்குது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் சொன்ன மாதிரியே வேலை பாதியில் நின்றது. கம்ப்யூட்டரின் பக்கத் தகரத்தைக் கழற்றி வைத்தேன், அப்படியும் நின்றது. அவள் தூங்கினால் போதும் என்று இருந்தேன்.

அவள் தூங்கவில்லை. கண்ணை மூடியிருப்பாள். நான் எழுந்தால், "எங்க மாமா போற?" என்பாள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கியா?" என்பாள். கால் வீங்கியது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. வியாதி முற்றுகிறது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் கால் நுனியில் நடந்தேன். சுவிட்சைப் போடும் சத்தம்கூட வராமல் விரலால் அழுத்திப் பிடித்துப் போட்டேன்.

அவள் அண்ணன் வல்லத்திலிருந்து கேப்பை மாவு எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார். நான் வாயில் விரலை வைத்து, மெதுவாகப் பேசச் சொன்னேன்.

"எதுக்கு?"

"அவ தூங்கணும் மச்சான்."

அவர் மெதுவாகப் பேசவில்லை. பலமாகச் சிரித்தார். "இவளா? மாப்ள, இவ பத்து வருசம் மல்லாட்டை மில்லுல பருப்பு பொறுக்கினவ. ஒரு லோடு உடைச்சி முடிக்கிற வரைக்கும் பொம்பளைங்களுக்கு வேலை கிடையாது. மிஷினு பக்கத்துலயே மூட்டை மேல படுத்துத் தூங்குவாளுங்க. இடி உழுந்தாலும் அசைய மாட்டா இவ. ஆனா மிஷினு நின்னுதுன்னு வையி, டக்குனு எழுந்து முறத்தத் தேடுவா. பேஜாரு புடிச்ச தூக்கம். எங்க வீட்லயே எங்கம்மா இவளத் தூங்க வெக்க ரேடியோவ இரைய உட்டு வெக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ அவ்ளோ ஆசையா வாங்கினு வந்த. பொட்டியில காத வெச்சிப் பாத்து வாங்கினன்னு வேற சொன்ன" என்றாள். மூச்சு வாங்கிவிட்டு, "என்னான்னு மாமா சொல்றது?" என்றாள்.

மறுநாளே விழுப்புரம் போனேன். தகடு வைத்த கார்டை மேசைமேல் வைத்து, விசிறி வைத்தது வேண்டும் என்றேன்.

"நான்தான் அன்னிக்கே சொன்னனேண்ணே. ஸ்பீடு பத்தலையா?"

"சத்தம் பத்தல."

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். "புதுசு அவ்ளோ கத்தாதுண்ணே. சர்வீசுக்கு வந்து கேக்க ஆளில்லாம கிடக்கிற பழசு ஒன்னு இருக்குது. அதே கார்டுதான், ஃபேன் வெச்சது. பட்டறை மாதிரி இரையும்." ஓட்டிக் காட்டினார். மாடிப் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. "ஒரு சொட்டு எண்ணெய் உட்டா அடங்கிடும், உடட்டுமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னுடைய நல்ல கார்டை வைத்துக்கொண்டு அந்தப் பழையதைக் கொடுத்தார். "நல்லதக் குடுத்துட்டு ரிப்பேர வாங்கினு போற மொத ஆளு நீங்கதாண்ணே."

அன்று மத்தியானம் அதை மாட்டி ஓட விட்டேன். பழைய கார்டைவிடப் பெரிய சத்தம். அவள், "ஐயோ, வந்துட்டான்யா மல்லாட்டை மிஷினு" என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, எச்சில் வழிய. எத்தனையோ நாளைத் தூக்கத்தை ஒன்றாகத் தூங்குகிற மாதிரி. நான் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மின்வெட்டுக் காலம் அது. பகலில் மணிக்கணக்காகக் கரண்ட் போகும். போனால் விசிறி நிற்கும், அவள் விழித்துக்கொள்வாள். கரண்ட் வந்ததும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரை ஓட விடுவேன். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஒரு நாள் அவளே எழுந்து களி கிண்டினாள். ஆடி மாதம் கழியட்டும், ஆவணியில் முகூர்த்த வேலைகள் வரும், அவளுக்குத் தனியாக ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி இந்தச் சத்தத்தையே பதிந்து வைக்கலாம், கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டலாம் என்றெல்லாம் யோசித்தேன்.

ஆவணி வந்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு செஞ்சிக் கல்யாண வீடியோவுக்கு முகப்புக் காட்சி செய்துகொண்டிருந்தேன். பெண்ணுக்கு வட்ட முகம், நல்ல கறுப்பு. தாமரையா, மல்லிகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "இங்க பாரு, இதுக்கு எது?" என்று திரும்பாமலே கேட்டேன். தூங்குகிறாள் என்று நானே தாமரையைப் போட்டேன். சரியில்லை. எடுத்துவிட்டு மல்லிகையைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நாலடி தூரத்தில்தான் இருந்தேன். தகடு வைத்த கார்டாக இருந்திருந்தால் கேட்டிருக்கும். மூச்சு இழுத்ததும், விட்டதும், நின்றதும். ஆனால் அந்தக் கார்டு இருந்தவரை அவள் தூங்கவில்லை. ஒன்றில் அவளுக்குத் தூக்கம் இல்லை, இன்னொன்றில் எனக்குக் காது இல்லை. இதை எந்தப் பக்கமாகத் திருப்பினாலும் வேறு மாதிரி வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். மச்சானுக்குச் சொல்லி அனுப்பி அவர் வந்து சேரப் பொழுது சாயும் நேரம் ஆகிவிட்டது. அதுவரை கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அழுகைச் சத்தத்தில் யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கிட்டே போகவில்லை.

அவர் அழுது ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தார். "என்னா மாப்ள, இது இன்னும் ஓடிக்கினு இருக்குது" என்று சுவர் சுவிட்சை அணைத்தார்.

விசிறி கடகடவென்று தளர்ந்து நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் மச்சானும் அவள் முகத்தைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

நெடுஞ்சாலையோரம் நடந்து ராத்திரி கூட்டேரிப்பட்டு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டேன். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் நல்லதாகப் போயிற்று.

காலையில் கடை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பின்னால் சாப்பாட்டுத் தூக்குகளோடு பெண்கள். டீ குடிக்க இறங்கியவர் விழுப்புரத்துப் பக்கம் ஒரு மல்லாட்டை மில்லின் மேஸ்திரி. மிஷினில் மூட்டை கொட்டுகிற ஆள் நின்றுவிட்டான் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வரட்டுமா என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

"மூட்டை தூக்கியிருக்கியா?"

"தூக்கியிருக்கேங்க."

"இரைச்சல் தாங்குவியா? போனவன் காது போச்சுன்னுதான் ஓடிட்டான்."

"தாங்குவேங்க."

"ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

"சொல்லியாச்சுங்க" என்றேன்.

பையை மில்லுக்குள் ஓர் ஆணியில் மாட்டினேன். மூட்டையைத் தூக்கி மிஷின் வாயில் கொட்ட வேண்டும், கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தூசி. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத சத்தம். பெண்கள் காலி சாக்குகளின் மேல் அங்கங்கே படுத்துத் தூங்கினார்கள். ஒருத்தி வாய் திறந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து தூங்கினாள். லோடு முடிந்ததும் மேஸ்திரி தூரத்திலிருந்து மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குப் புரிந்தும் புரியாத மாதிரி நின்றேன். அவர் மறுபடியும் காட்டினார். சுவிட்சை அணைத்தேன்.

ஒவ்வொருத்தியாக எழுந்து முறத்தைத் தேடினார்கள்.