நத்தைக்குப் பெரட்டு எடுத்த ஜீவராணி

இலங்கையில் கஹவத்தைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இரண்டு மைல் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஜீவராணியைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து எடுப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் பத்துப் பேராவது உண்டு. அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் நத்தை என்று பேச்செடுத்தால் அந்த மலையில் அவளுக்கு நிகர் யாருமில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

1998 ஆடியில் அவள் புருஷன் அழகமுத்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் காய்கறி போட நிர்வாகம் கொடுத்திருந்த துண்டு நிலம் அவன் பெயரில் இருந்தது. அங்கே எல்லாத் துண்டுகளும் ஆண்கள் பெயரில்தான். தீபாவளி முடிந்த கையோடு கணக்கப்பிள்ளை ராமச்சந்திரன் வந்து, இலையில்லாமல் வெறும் தண்டாக நின்ற பயிற்றஞ் செடிகளைப் பார்த்தார்.

"ஆம்பள இல்லாத வீட்டுக்குத் துண்டு எதுக்கு ராணி? பொங்கலுக்குள்ள பச்சை தெரியலேன்னா வேற ஆளுக்கு மாத்திருவேன்."

அவளுடைய இரண்டு பிள்ளைகளின் தட்டில் ரொட்டியோடு ஏதாவது கறி விழுந்தது என்றால், அது அந்தத் துண்டிலிருந்து வந்ததுதான். அவள் ஒன்றும் சும்மா கிடக்கவில்லை. நட்டதையெல்லாம் ஓடில்லாத நத்தைகள் தின்று தீர்த்தன. விரல் நீளம், கறுப்பு, வழவழப்பு. சாயந்தரம் தலை நிமிர்ந்து நிற்கும் நாற்று விடிந்தால் இருக்காது. மண்ணில் மினுங்கும் கோடு மட்டும் இருக்கும்.

பக்கத்து வீட்டு இருளாயி எச்சரித்தாள். "டவுன் கடையில நத்தைக்கு நீல உருண்டை விக்கிறாங்க. அத மட்டும் தொட்டுராத புள்ள. போன வருஷம் நான் போட்டேன். நத்தை செத்துச்சோ என்னவோ, என் கோழி அஞ்சும் செத்துச்சு."

ஜீவராணியிடம் ஏழு கோழிகள் இருந்தன. உருண்டை வேண்டாம் என்று உப்பைத் தூவினாள். மழையில் உப்பு கரைந்து வேருக்கு இறங்கியது. மிச்சமிருந்த இலையும் கருகியது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் சாக்குப் படங்கை அவிழ்த்தாள். மழையில் ஊறிக் கனத்த அதைப் பாத்தி மேல் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடியவள் மறந்தே போனாள். காலையில் படங்கைத் தூக்கியதும் அலறினாள். அடியில் நத்தைகள் அப்பிக் கிடந்தன. அலறி முடித்துவிட்டு எண்ணினாள். எண்பத்து மூன்று.

ஈரமும் இருட்டும் இருந்தால் போதும், விடியும்போது இவை அங்கே போய் ஒளிந்துகொள்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது. உடனே செடியடியில் கிடந்த மிலாறைக் கிளறிப் பார்த்தாள். கவ்வாத்தில் வெட்டி விழும் கொப்புகளை, மிலாறு என்று, தேயிலைக்கு அடியில் தடிப்பாகப் பரப்புவது தோட்டத்து வழக்கம். தேயிலைக்கு நல்லதென்றால் பயிற்றைக்கும் நல்லதுதானே என்று லயத்தில் எல்லோரும் செடித் தண்டு வரைக்கும் அதைக் குவித்து வைத்திருந்தார்கள். கிளறிய இடமெல்லாம் நத்தையும் முட்டையும்.

"அடப்பாவமே, நானே இதுகளுக்கு லயம் கட்டிக் குடுத்து வச்சிருக்கேனே!"

அன்றைக்கே மிலாறு முழுவதையும் வாரி வெளியே கொட்டினாள். நாற்றைப் பழைய பால்மா டின்னில் வளர்த்து, ஒரு சாண் உயரம் வந்த பிறகே மண்ணில் நட்டாள். தினமும் சாயந்தரம் நாலு ஈரச் சாக்கைப் பாத்திகளுக்கு நடுவே விரிப்பாள். மறுநாள் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போகுமுன் அவற்றைத் தூக்கி, நத்தைகளை மூங்கில் குச்சியால் பொறுக்கிச் சவுக்காரக் கட்டி கரைத்த தண்ணீரில் போடுவாள்.

லயமே சிரித்தது. "ராணி நத்தைக்குப் பெரட்டு எடுக்குறா!"

"ஆமா, உங்கள மாதிரி இல்ல. அதுக நேரத்துக்கு வருதுக" என்றாள்.

எண்பத்து மூன்று அறுபதானது, முப்பதானது. நடுவில் எம்பிலிப்பிட்டியவில் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு நாள் போய் வந்ததில் ஒரு வரிசை கீரை போயிற்று. அதற்குப் பிறகு அவள் எங்கும் அசையவில்லை. மார்கழி நடுவில் நாலு சாக்கையும் உதறினால் ஐந்தாறு விழும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முதல் நாள் ராமச்சந்திரன் துண்டுகளைப் பதியும் புத்தகத்தோடு வந்தார். பயிற்றங்காய் முழ நீளத்தில் தொங்கியது. குனிந்து குனிந்து தேடியும் ஓட்டை விழுந்த இலை ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. ஜீவராணி கையைக் கட்டிக்கொண்டு, நன்றாகத் தேடட்டும் என்று நின்றாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"சரி, துண்டு ஒனக்கே இருக்கட்டும். அழகமுத்து பேரு அப்படியே கெடக்கட்டும்."

"வேணாங்க ஐயா. என் பேரப் போடுங்க."

"பொம்பள பேருல எழுதுற வழக்கம் இல்லியே."

"செத்தவரு பேருல எழுதுற வழக்கம் இருக்குங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் இருளாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தார். பிறகு பழைய பெயரை வெட்டிப் புதியதை எழுதி, "பக்கத்துல அழகமுத்து சம்சாரம்னு போடவா?" என்றார்.

"அவரு என் மனசுல இருக்காருங்க. புஸ்தகத்துல நான் இருக்கேன்."

புத்தகத்தைத் திருப்பச் சொல்லித் தன் பெயரைச் சத்தமாக வாசித்தாள். அடுத்த வருஷம் அதே புத்தகத்தில் இருளாயியோடு சேர்த்து ஆறு பெண்களின் பெயர் ஏறியது.