இதயத்துக்கென்று வந்த போத்தல்கள்

மனைவிக்குக் கீமோ மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. பிறகு இதயத்தில் என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

டொக்டர் ஒரு இளம் பெண். நிதானமாகச் சொன்னார். ஏற்றப்போகும் மருந்து சிவப்பு நிறமானது, நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு இதயத் தசையைப் பலவீனமாக்கிவிடும். அதனால்தான் தொடங்க முதலே பார்க்கிறார்கள். மொத்த அளவை ஒரு எல்லைக்கு மேலே போக விடமாட்டார்கள், முடிந்த பிறகும் பார்ப்பார்கள். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே வரவேண்டும்.

இவ்வளவும் சொன்னார். என் காதில் ஏறியது ‘இதயம்’ என்ற ஒரு சொல்தான்.

மனைவியின் தகப்பனார் இதயத்தால் போனவர். ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவர், இரண்டாவது சரணத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிலில் சரிந்து உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. கலியாணம் முடித்து மூன்றாவது மாதம் அது. பக்கத்தில் நின்றவன் நான். எனக்கு அருகில் ஒரு குரல் நின்றதைக் கவனிக்காமல் அந்தச் சரணத்தை முழுக்கப் பாடி முடித்திருந்தேன்.

காங்கேசன்துறை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. டிக்கெட் துவாரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு என்னால் இருக்க முடியவில்லை. வவுனியாவுக்குக் கேட்டவருக்கு அநுராதபுரத்துக்குக் கொடுத்தேன். ரயில் வராத நேரத்தில் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். வேலை முடிந்ததும் கோப்பாயில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து, தலைக்கவசத்தைக் கழற்ற முதலே அவளுடைய காலைத்தான் பார்ப்பேன். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பேன்.

“இஞ்சாருங்கோ, நான் என்ன மாம்பழமே, அமத்திப் பாக்கிறதுக்கு?” என்பாள்.

முதல் மருந்து ஏற்றிப் பத்து நாளிருக்கும், கனடாவிலிருந்து ஒரு பொதி வந்தது. அவளுடைய தம்பி அனுப்பியது. ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் கையில் கொடுத்துவிட்டிருந்தான். நாலு போத்தல்கள். மீன் எண்ணெய், விற்றமின், மஞ்சள் எண்ணெய் நிரப்பிய ஒரு குளிசை, பச்சைத் தூள் அடைத்த ஒரு குளிசை. கடைசிப் போத்தலில் சிவப்பாய் ஒரு இதயம் கீறியிருந்தது.

“அத்தான், இரவு பகலா இன்ரநெற்றிலை தேடித்தான் வாங்கினனான்,” என்றான் தொலைபேசியில். “கீமோ இதயத்தைத் தாக்காமல் காக்குமாம். இஞ்சை கனபேர் எடுக்கினம். அக்காவுக்கு இண்டைக்கே குடுங்கோ.”

மனைவி போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “டொக்டரிட்டைக் கேட்டிட்டு எடுப்பம்,” என்றாள்.

“நான் கேக்கிறன்,” என்றேன்.

கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயம். வேண்டாம் என்று சொன்ன பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வெறும் கையோடு நின்று இன்னொரு இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. போத்தல்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டதாக அவளிடம் சொன்னேன். உண்மையில் அவை கிணற்றடி மோட்டார் அறையில், பழைய பெயின்ற் பேணிகளுக்குப் பின்னால் இருந்தன.

காலைக் கஞ்சி காய்ச்சுவது அப்போது என் பொறுப்பு. சிவப்புப் பச்சையரிசியும் தேங்காய்ப்பாலும். இறக்கி ஆறவிட்ட பிறகு மோட்டார் அறைக்குப் போய் வருவேன். எண்ணெய்க் குளிசையை ஊசியால் குத்திப் பிதுக்குவேன். பச்சைக் குளிசையைப் பிரித்துத் தூளைக் கொட்டுவேன். விற்றமினைப் பொடியாக்கிச் சேர்ப்பேன். மீன் எண்ணெயை மட்டும் விட்டுவிட்டேன், மணம் காட்டிக்கொடுத்துவிடும்.

“கசக்குது,” என்றாள் முதல் நாளே.

“மருந்து ஏத்தினால் வாய் அப்பிடித்தான் இருக்கும். பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடியும்.”

அவள் குடித்தாள். முழுக் கோப்பையும். அன்று பல நாட்களுக்குப் பிறகு ஒரு டிக்கெட்டையும் நான் பிழையாகக் கொடுக்கவில்லை.

இரண்டாவது மருந்தும் ஏற்றியாயிற்று. மூன்றாவதுக்குப் போன காலையில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஈரலின்ரை அளவுகள் கூடியிருக்கு. இண்டைக்கு மருந்து ஏத்தேலாது. ஒருக்கா ஸ்கானும் செய்து பாப்பம்.” பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். “நாங்கள் தாறதைத் தவிர வேறை ஏதும் எடுக்கிறியளோ அம்மா? நாட்டு மருந்து, சத்துக் குளிசை, பவுடர்?”

“இல்லை டொக்டர். ஒண்டும் இல்லை,” என்றாள் மனைவி. சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், பொய் என்றால் பிடிக்காதவள். “வேணுமெண்டால் இவரைக் கேளுங்கோ.”

டொக்டர் என்னைப் பார்த்தார். ஓம், அவள் சொன்னது சரிதான் என்று தலையாட்டினேன்.

ஓட்டோவில் திரும்பும்போது அவள் தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாதி வழியில், ஓட்டோக்காரருக்குக் கேட்காத குரலில், “ஈரலுக்குப் பரவியிட்டுதோ?” என்றாள்.

“சீ, இல்லை.”

“அப்ப ஏன் ஸ்கான்?”

எனக்குக் காரணம் தெரியும் என்றே பட்டது. அவளைக் கட்டிலில் படுக்கவிட்டு, கடைக்குப் போய் வாறன் என்று சொல்லி, நாலு போத்தல்களையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஆசுபத்திரிக்குத் திரும்பினேன். வழி முழுக்க அவை ஒன்றோடொன்று முட்டிக் கடகடவென்று சத்தம் போட்டன.

கிளினிக் முடிகிற நேரம். டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் போத்தல்களை மேசையில் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து லேபலை வாசித்தார். இதயம் கீறிய போத்தலை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

“எத்தினை நாளாக் குடுக்கிறியள்?”

“ஒரு மாதத்துக்குக் கிட்ட.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருக்கச் சொன்னார். எனக்கு இருக்க ஏலவில்லை, நின்றபடியே கேட்டேன்.

“இதிலை பச்சைத் தேயிலைச் சாறு இருக்கு, ஐயா. செறிவாக்கினது. தேத்தண்ணியாக் குடிக்கிறது வேறை, இது வேறை. சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். இதாலைதான் எண்டு நான் இப்ப சொல்ல மாட்டன், ஸ்கானும் பாக்கத்தான் வேணும். மற்றதுகள், இவ்வளவு கூடின அளவிலை, நாங்கள் ஏத்திற மருந்தின்ரை வேலையைக் குழப்புமோ எண்ட சந்தேகமும் இருக்கு. இதயத்தைக் காக்கும் எண்டதுக்கு உறுதியான அத்தாட்சி இல்லை.”

“அப்ப இதயத்துக்கு என்னதான் செய்யிறது?”

“செய்துகொண்டுதானே இருக்கிறம். எக்கோ, மருந்தின்ரை அளவு, பிறஷர். நீங்கள் செய்ய வேண்டியது, குடுக்கிறதை எங்களுக்குச் சொல்லுறது.” போத்தல்களைப் பைக்குள் திருப்பி வைத்தார். “அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்லுறது சரியில்லை.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழும்பி இருந்தாள். போத்தல்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அந்த டொக்டர் பிள்ளைக்கு முன்னாலை என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டியள்,” என்றாள். “உங்களைக் கேக்கச் சொன்னனான். தலையை ஆட்டினியள்.”

“பயத்திலை…”

“எனக்குப் பயம் இல்லையோ? என்ரை உடம்பு. கட்டியும் என்னைக் கேட்டு வரேல்லை. நீங்களும் கேட்கேல்லை.”

அடுத்த நாள் தொடக்கம் அவள் என் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய், முக்காலியில் இருந்து, தானே அரிசி கழுவிப் போட்டாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததால் உள்ளே போவதா நிற்பதா என்றும் தெரியவில்லை. கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், கேற்றைத் திறந்தேன், பூட்டினேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போன அவளிடமிருந்து அதை மட்டும் வாங்கினேன். விட்டாள்.

ஸ்கானில் ஒன்றும் இல்லை. இரண்டு கிழமையில் ஈரலின் அளவுகள் இறங்கின. மூன்றாவது மருந்தும் நாலாவதும் ஏறின. டொக்டரிடம் அவளே எல்லாவற்றையும் முதலில் சொன்னாள், கொத்தமல்லி அவித்துக் குடித்ததைக்கூட. பிறகு ஒரு காலை, எனக்கும் சேர்த்து அரிசி போட்டிருந்தாள். ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

சிவப்பு மருந்து முடிந்து எடுத்த எக்கோவில், இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் முன்னையதைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது.

அந்தச் செய்திக்குத்தான் இத்தனை மாதமும் பயந்திருந்தேன். பழைய நினைப்புத் திரும்பவும் எழும்பியது. அந்தக் குளிசைகளைத் தொடர்ந்து குடுத்திருக்கலாமோ? நிற்பாட்டியதால்தானோ? மனைவி பக்கத்தில் இருக்க, டொக்டரிடமே கேட்டேன்.

“குடுத்திருந்தால் குறைஞ்சிருக்காது எண்டு என்னாலை சொல்லேலாது, ஐயா. குறைஞ்சிருக்கும் எண்டும் சொல்லேலாது. ஆனால் நேரத்தோடை கண்டுபிடிச்சிட்டம். இதுக்கு நல்ல குளிசை இருக்கு.”

சின்ன வெள்ளைக் குளிசை. அவளே எண்ணி எடுத்து, அவளே விழுங்கினாள். சில மாதம் கழித்து எடுத்த எக்கோவில் அளவு பழையபடி வந்திருந்தது. இப்போதும் குளிசை தொடர்கிறது.

இதயம் களைத்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே தம்பிக்காரன் அழைத்திருந்தான். இன்னொரு பொதி கட்டியாயிற்றாம், இந்த முறை இன்னும் விலை கூடினதாம். நான் அதுவரை அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முற்றத்தில் நடந்தபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன், கஞ்சி, ஈரல், என் தலையாட்டல், எல்லாம்.

“இஞ்சை இருந்துகொண்டு நான் வேறை என்னத்தைச் செய்யிறது, அத்தான்?” என்றான். “அப்பாவின்ரை சாவுக்கும் வரேல்லை. ஒரு போத்தலை எண்டாலும் அனுப்பாட்டி…”

நானும் அதே கேள்வியோடுதான் நடந்துகொண்டிருந்தேன்.

“அக்காவோடை கதை,” என்றேன் கடைசியில். “பொதியைப் பிரிச்சு வை. ஒவ்வொரு நாளும் எடுத்து அவவோடை கதை.”

அவன் எடுக்கிறான். பின்னேரம் ஆறு மணிக்கு இங்கே தொலைபேசி அடிக்கும்போது அவனுக்கு விடிந்து வேலைக்குப் போகிற நேரம். கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டியபடி கதைப்பான். ஒரு வேலையும் இல்லாத கதைகள். பக்கத்து வீட்டுக்காரனின் நாய், சுருங்கிப்போன சட்டை, சிறுவயதில் இருவரும் களவாகத் தின்ற பால்மா. அவள் கட்டிலில் சாய்ந்து சிரிப்பாள், இருமும் வரை சிரிப்பாள். இருமல் சத்தம் கேட்டால் முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும் நான் அப்படியே நின்றுவிடுவேன். அது அடங்கி அவள் திரும்பவும் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அடியை எடுத்து வைப்பேன்.