முட்டு பிரித்த நாள்

ஆர்க்கிடெக்ட் ஆக ஐந்து வருடப் படிப்பு. அதில் ஒரு பருவம் முழுக்க, பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் பயிற்சி எடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் மேற்கொண்டு நகர முடியும். பட்டம் வாங்கிய பிறகும் ஆர்க்கிடெக்ட்களுக்கான கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அந்தப் பெயரை நாம் போட்டுக்கொள்ளலாம். வகுப்பில் மற்றவர்கள் சென்னையில் பெரிய அலுவலகங்களைத் தேடிப் போனார்கள். நான் வேலூரில் ஒருவரிடம் சேர்ந்தேன். அவர் அப்போது ஆரணியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஊர்தானே, சைட்ட நீயே பாத்துக்கோ" என்றார். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

மண்டபத்தின் சொந்தக்காரர் பட்டு வியாபாரி. அவரிடம்தான் அப்பா பாவு நூல் வாங்கி வீட்டுத் தறியில் நெய்துகொடுத்தார். "நம்ம தறிக்காரர் பொண்ணு" என்று மேஸ்திரியிடம் அவர் என்னைக் காட்டிச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சித்தாள்களில் ஒருத்தி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். மதியம் தூக்குச்சட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"நீ இன்னா, இஞ்சினியரா?"

"இல்லக்கா. ஆர்க்கிடெக்ட்டுக்குப் படிக்கிறேன்."

"அது வேறயா?"

வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும், ஆட்கள் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலேஜுல உக்காந்துகினு இதத்தான் யோசிக்கிறீங்களா?" என்று சிரித்தாள்.

மண்டபத்தின் முகப்பில், தூண் இல்லாமல் வெளியே நீளும் ஒரு தளம். கான்கிரீட் போட்டு, அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சொந்தக்காரர் தன் மகளின் கல்யாணத்தை அங்கேயே வைத்துவிட்டார். அந்தத் தளத்துக்குக் கீழே தரை போட ஆள் வந்து காத்திருந்தான். காண்ட்ராக்டர் முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்.

"கான்கிரீட் இன்னும் இறுகலீங்க. முட்டு இன்னும் ஒரு வாரமாவது நிக்கணுங்க" என்றேன்.

"உங்க சாரையே கேட்டுடும்மா. ஜல்தியா கேளு."

போன் செய்தேன். "ஓனர் அவசரப்படறாரு. பிரிக்கட்டும், ஒண்ணும் ஆகாது" என்று வைத்துவிட்டார். நான் மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. அதற்குள் முட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரித்த பலகைகளை அந்தச் சித்தாள் அக்கா வெளியே எடுத்து வந்துகொண்டிருந்தபோது தளம் இறங்கியது. சுவரையொட்டி மடிந்து, ஒரே வீச்சில் விழுந்தது. தூசி அடங்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார். அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அன்று மாலை வேலூரிலிருந்து வந்த சார் என்னைத் தன் காரில் உட்காரவைத்தார்.

"நீ எனக்கு போன் பண்ணவே இல்ல. ஆளுங்க அவங்களாவே பிரிச்சிட்டாங்க. அவ்ளோதான். உன் சர்டிஃபிகேட்டுக்கு நான் பொறுப்பு."

காவல் நிலையத்தில் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்பா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும், "வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அதற்குப் பிறகு வியாபாரியிடமிருந்து எங்களுக்குப் பாவு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அப்பா முள்ளிப்பட்டு வரை போய் வேறொரு முதலாளியிடம் கேட்டு நின்றார். வீட்டில் தறிச் சத்தம் இல்லாத அந்த நாட்களில் அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். நான் அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இறுதி வரைபடங்களைப் போட்டேன்.

இடையில் ஒருமுறை கலசப்பாக்கம் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நீ சொன்னதால அவ எயுந்து வந்துடுவாளா? நாங்க ஓனரோட பேசி முடிச்சிக்கினோம். எங்கள உட்டுடும்மா."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பதிவு எண் கிடைத்துச் சில மாதங்களில், சார் மேலும் காண்ட்ராக்டர் மேலும் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. அதற்குள் மேஸ்திரி வேறு மாதிரி சொல்லிவிட்டார். அரசுத் தரப்பில் சாட்சியாக மிச்சமிருந்தது நான் மட்டும்தான். கூண்டில் ஏறியதும் தொழில் என்ன என்று கேட்டார்கள்.

"ஆர்க்கிடெக்ட்" என்றேன். அந்தச் சொல்லை எனக்கென்று நான் சொன்னது அதுதான் முதல் முறை. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார், கொடுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த மண்டபத்தில் முகூர்த்த நாள் தவறாமல் கல்யாணம் நடக்கிறது. ஊரில் எனக்குப் பெரிய வேலை எதுவும் வருவதில்லை.