கூடச் சேர்ந்து கத்துகிற பாட்டு

போன ஞாயிறு காலை மொட்டை மாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். பக்கத்து வீட்டு விமலா மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தாள்.

“என்னக்கா ஆச்சு? விழுந்துட்டீங்களா?”

“இல்லையே... பாடறேன்.”

“பாட்டா இது?”

நியாயமான கேள்வி. மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன்.

அப்போது என் வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. கை காதுக்கு மேலே போகாது. கொண்டை போட முடியாது. மேல் அலமாரியில் இருக்கும் துவரம்பருப்பு டப்பாவை எட்ட முடியாது. நாலு நாள் தொடர்ந்து ரசம்தான். ஐந்தாம் நாள் என் கணவர் கேட்டார், “ஏன், சாம்பாரே காணோம்?” கை விளங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். சொன்னதும் பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

வேங்கிக்காலில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடி. நஸ்ரீன் என்ற பெண்தான் அங்கே எல்லாம். நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம், இரும்புக் கை. முதல் நாள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள் பாருங்கள் — கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே? நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான்.

“கத்துங்கக்கா. அடக்கினீங்கன்னா தசை இன்னும் இறுகிக்கும்.”

“ஐயோ, வெளிய கேக்குமே!”

“கேக்காது” என்று ஸ்பீக்கரைப் போட்டாள். கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து தகரக் கூரையில் கல்மழை பெய்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான்.

“பாட்டாம்மா இது?”

தொண்ணூறுகளில் வந்த ஆல்டர்னேட்டிவ் ராக் என்றாள். அவள் அண்ணன் காலேஜில் படித்தபோது கேசட்டாக வாங்கிக் குவித்ததாம். குழுக்களின் பெயர்களைச் சொன்னாள் — பூசணி, மிளகாய், ஜாம் என்று சமையலறைச் சாமான் பட்டியல் மாதிரி இருந்தது.

“வேற நல்ல பாட்டு போடக்கூடாதா?”

“போட்டுப் பாத்தேன்க்கா. சாமி பாட்டு போட்டா யாரும் கத்த மாட்டேங்கறாங்க. சினிமா பாட்டு போட்டா பயிற்சிய விட்டுட்டு படத்தோட கதையப் பேசறாங்க. இதுதான் சரி. பாடறவனே கத்தறான். நாம கத்தினா எவனுக்குத் தெரியும்?”

வாரத்தில் மூன்று நாள் கத்தினேன். முதலில் வெறும் ‘ஆ’, ‘அம்மா’. பிறகு வார்த்தைகள் வந்தன. மேல்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, நாத்தனார், என்றைக்கோ ஒருத்தி சொன்ன ஒரு சொல்... எல்லாம் வந்தது. நஸ்ரீன் எதையும் காதில் வாங்கிக்கொள்ளாத முகத்தோடு கையைத் தூக்குவாள்.

ஒரு பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் பாதையெல்லாம் அடைப்பு. கிளினிக் லீவு. அப்பாடா என்றுதானே இருக்க வேண்டும்? மாலை ஐந்தரைக்கு மனசு என்னவோ தவித்தது. நஸ்ரீனுக்கு போன் போட்டேன்.

“ரெண்டாவதா போடுவியே, அந்தப் பாட்டு பேரு என்னம்மா?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

இந்தப் பாட்டுகளின் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? ஆரம்பத்தில் ஒருவன் முணுமுணுக்கிறான். கிடார் அடக்கமாகக் கூடவே வருகிறது. திடீரென்று எல்லாம் வெடிக்கிறது. நாலு வரி கத்தித் தீர்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் முணுமுணுப்பு. அட, நம் சமையலறைகளில் தினமும் நடப்பதுதானே? என்ன... நடுவில் இருக்கிற அந்த நாலு வரியை மட்டும் நாம் விழுங்கிவிடுகிறோம்!

ஏழாவது வாரம் அது நடந்தது. கயிற்றைப் பிடித்துக் கையை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு உச்சத்தில். நானும் உச்சத்தில். சட்டென்று கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது. நான் நிற்கவில்லை.

“இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது, உனக்கு வலிக்குதான்னு கேட்டிருக்கியா நீ?”

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்பதுகூடத் தெளிவாகக் கேட்டது.

வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் கணவர். வாழ்நாளில் அவரை ‘நீ’ என்று சொன்னதில்லை.

நான் வெளியே வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மூட்டு வலிக்கு வருகிற அம்மா மட்டும் என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

என் கணவர் கீழே இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினார். பின்னால் ஏறிக்கொண்டேன். முதல் வேகத்தடையில் வண்டி ஊர்ந்தது.

“வலிக்குதா?”

“இல்லைங்க.”

அடுத்த வேகத்தடை. “வலிக்குதா?” அதற்கடுத்ததிலும். குரலில் கோபமில்லை, கூச்சம் இருந்தது. நல்லவேளை, பின்னால் உட்கார்ந்திருந்ததால் என் கண்ணை அவர் பார்க்கவில்லை. ஆனால் ஆறாவது வேகத்தடையில் நானே சொல்லிவிட்டேன், “போதுங்க, கொஞ்சம் வேகமா ஓட்டுங்க!”

அடுத்த முறை என் பயிற்சி முடிந்ததும் அவர் தடுப்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேடம்... எனக்கும் ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா? கை நல்லாத்தான் இருக்குது. சும்மா... கொஞ்சம் கத்தணும்.”

நஸ்ரீன் சிரிக்கவில்லை. “எந்தப் பாட்டு சார்?” என்றுதான் கேட்டாள்.

“அவங்களுக்குப் போடறதே போடுங்க.”

வெளியே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை? ம்ஹூம். டிரம்ஸ்தான் இடித்தது. பத்து நிமிஷம் கழித்து வந்தார். தலையெல்லாம் கலைந்து, நெற்றியில் வேர்வை. முகம் மட்டும் மழை விட்ட வானம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

“என்னங்க கத்தினீங்க?”

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“அது எனக்கும் அந்தப் பாட்டுக்காரனுக்கும் நடுவுல.”