ஒண்ணும் ஆகாது

அண்ணி தடுப்பூசி போடும் நர்ஸ். தோளில் நீலநிற ஐஸ்பெட்டி தொங்கும். குச்சி ஐஸ் வந்துவிட்டதென்று பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஆளைப் பார்த்ததும் வந்த வேகத்திலேயே திரும்பி ஓடுவார்கள். ‘ஐஸ்பெட்டி அக்கா’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவள் வாயில் எப்போதும் ஒரே பேச்சு: ‘ஒண்ணும் ஆகாது.’ அண்ணனின் ஸ்கூட்டரில் பிரேக் தேய்ந்தாலும் அதுதான், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் அதுதான். ஊசி போடுமுன் தாய்மாரிடமும் அதையே சொல்வாள்.

தையல் கம்பெனிக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் ஒரு சின்னப் பெண்ணுக்கு முதல் குழந்தை. முதல் ஊசி போட்ட அன்று குழந்தைக்கு உடம்பு கொதித்துத் தொடை வீங்கிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த புருஷன், நன்றாக இருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று பெண்டாட்டிமேல் பாய்ந்திருக்கிறான். அடுத்த தவணைக்கு அண்ணி போய்த் தட்டியபோது, உள்ளே கேட்ட தாலாட்டு நின்றது. கதவு திறக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் கக்குவான் இருமல் தொடங்கியிருந்தது. கைக்குழந்தையை மூச்சுவிட விடாத இருமல். அண்ணி மறுபடி போனாள். கதவு ஒரு சாண் திறந்தது.

“நீங்கதானேக்கா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க?”

காய்ச்சல் வரக்கூடும் என்று அண்ணிக்குத் தெரியும். பயந்துவிடுவார்களே என்று அதை விழுங்கியே பழகியிருந்தாள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

“தப்பு என்மேலதாம்மா. காய்ச்சல் அடிக்கும், சிணுங்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“இப்பவும் வந்தா?”

“வரும். கூடவே நானும் வருவேன்.”

 அந்தப் பெண் கதவை முழுசாகத் திறந்தாள்.

சொன்னபடியே சாயங்காலம் காய்ச்சல் வந்தது, அண்ணியும் போனாள். புருஷன்காரன் குழந்தையை மடியில் போட்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. “பெட்டி எங்க காணோம்?” என்றான். அது டூட்டி முடிந்து தூங்குகிறது என்றாள் அண்ணி. அவன் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து, உட்கார இடம் விட்டான்.

பிறகொரு நாள் அதே மாடியில் எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஊசி. அண்ணி வாயைத் திறப்பதற்குள், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்ற அந்தப் பெண் முந்திக்கொண்டாள்:

“காய்ச்சல் வரும், பயந்துடாத. அக்காவும் வருவாங்க.”