கண்ணாடி மூடி

எங்கள் பெரியம்மாவுக்கு இடது கண் இல்லை. பெரியப்பாவுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு சரி. இவர்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள் என்று சொன்னால் எவனாவது இளிப்பான். அவனை நான் சும்மா விடமாட்டேன்.

உலகச் சண்டை நடந்த காலம். வெடிமருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பெரியம்மா இருந்தாள். வேதியியல் படித்தவள், ஆனால் குப்பி கழுவுகிறவள் என்றுதான் பேர். பாறையைப் பிளக்கிற வெண்பொடியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். கூடத்தின் தலைவரோ தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி அதைத் தன் பேரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண்பிள்ளை செய்ததென்றால் ராணுவம் வாங்காது என்று அவளிடமே சொன்னாராம், படுபாவி.

பெரியப்பாவுக்கு அங்கே கண்ணாடி ஊதும் வேலை. வாயில்லாப் பூச்சி. அவளுக்கென்று ஊதிய குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஊதுவார். அதிலேயே அவள் மனசு விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

வெண்பொடியை அவள் ஈரத்திலேயே வைத்து, தக்கையால்தான் மூடுவாள். காய்ந்த பொடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே உரசினால் போதும், வெடித்துவிடும். தலைவரிடம் சொல்லப் போனபோது, எனக்கே பாடமா என்று வாயை அடைத்துவிட்டார். பெரியப்பாவிடம் அவள் சொல்லவில்லை. மருந்தைப் பற்றிக் கண்ணாடி ஊதுகிறவரிடம்கூட மூச்சுவிட்டால் அந்தக் காலத்தில் ஜெயில்.

அதிகாரிகளுக்குப் பொடியைக் காட்டும் நாள் வந்தது. அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். தக்கை அசிங்கமாக இருக்கிறதாம். தலைவர் பொடியைக் காயவைத்து, கண்ணாடி மூடி போட்ட புதுக் குப்பியில் கொட்டினார். அவள் பொடி ஆயிற்றே என்று அந்த மூடியைப் பார்த்துப் பார்த்து இழைத்தது பெரியப்பா.

குப்பைத் தொட்டியில் தன் தக்கை கிடப்பதைப் பார்த்ததும் கண்ணாடி மூடி போட்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடினாள். வாசலில் மறித்த காவலாளியின் கையை ரத்தம் வரக் கடித்தாள். அவன் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடித்தான். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு உள்ளே போய் விழுந்தாள். அதிகாரிகளுக்குக் காட்டத் தூக்கி வந்த குப்பி பெரியப்பாவின் கையில் இருந்தது.

"திறக்காதீங்க. மெதுவா கீழ வைங்க."

ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. வைப்பதற்குக் குனிந்தார். தலைவருக்கு அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று.

"குப்பி கழுவுறவ சொல்லி நான் கேக்கணுமா?" என்று பாய்ந்து, குப்பி பெரியப்பாவின் கையில் இருக்கும்போதே மூடியைத் திருகினார்.

தலைவருக்கு நெஞ்சே இல்லாமல் போயிற்று. சுவரெல்லாம் ரத்தமும் சதையும். பெரியப்பாவின் கைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்க, பெரியம்மா தன் துணியைக் கிழித்து அவர் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டினாள். மயக்கம் தெளிந்து அவர் கத்தக் கத்த, பிடியை விடவே இல்லை. பிழைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு அதிகாரிகள் வந்தார்கள். தன் கண்டுபிடிப்புக்கே உயிரைக் கொடுத்த மேதைக்குச் சிலை வைக்கப் போகிறோம், பொடிக்கும் அவர் பேர்தான், நீயும் இரண்டு வார்த்தை சொல்லம்மா என்றார்கள். அவள் ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சவரா இருந்தா, அந்த மூடிய அவர் தொட்டிருக்கவே மாட்டாரு."